பவுடர் போட்ட வயிற்றுவலி

எழுபதுகளின் கடைசியில் ஷார்ஜாவில் ஒரு கட்டடக் கம்பெனியின் கேம்பில் இருந்தோம். எங்கள் ரூமில் எல்லோரும் தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கத்து ஆட்கள். ஆளுக்கொரு ஜாதி, ஒரே சோற்றுப் பானை. நான் கம்பி கட்டுகிறவன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அதனாலேயே எந்த வம்புக்கும் என்னைத்தான் முன்னால் தள்ளுவார்கள்.

கம்பெனி ஆஸ்பத்திரிக்கு இரண்டு வாசல். முன்வாசல் வெள்ளைக்கார எஞ்சினியர்களுக்கு. உள்ளே ஏசி, சோபா, டாக்டர். பின்வாசல் எங்களுக்கு; அங்கே ஒரு ஜன்னல், ஒரு கம்பவுண்டர். அவரும் நம் நாட்டுக்காரர்தான், வடக்கே. தலைவலி, இருமல், காலில் ஆணி, எதைச் சொன்னாலும் ஒரே வெள்ளை மாத்திரை. அதற்கு நாங்கள் பிரசாதம் என்று பேர் வைத்திருந்தோம்.

ஒருநாள் அறந்தாங்கிக்காரனுக்கு வயிற்றில் வலி. கொத்தனார், சிமெண்ட் மூட்டையை ஒற்றைத் தோளில் தூக்குகிற ஆள், கட்டிலில் சுருண்டு கிடந்தான். டாக்டரிடம் போவதென்றால் நம் ஊரில் எப்படிப் போவோம்? குளித்து, நல்ல சட்டை போட்டுத்தானே. அவனைக் குளிப்பாட்டினோம். ஊருக்குப் போகும்போது போடலாம் என்று ரோலா கடைத்தெருவில் வாங்கி வைத்திருந்த சட்டையை ஒருவன் கொடுத்தான். தலை வாரி, முகத்துக்குப் பவுடர் அடித்து, திருநீறு பூசிக் கூட்டிப் போனோம். புது மாப்பிள்ளை மாதிரி இருந்தான்.

கம்பவுண்டர் ஜன்னல் வழியாகவே ஏற இறங்கப் பார்த்தார். "சினிமா ஜா ரஹா ஹை க்யா?" சினிமாவுக்கா போகிறாய் என்று சிரித்தார். லீவு வேண்டுமென்றால் மதராஸிகளுக்கு வயிற்றுவலி வந்துவிடுமாம். பிரசாதத்தைக் கொடுத்து, "யல்லா, டூட்டி!" என்று வேலைக்கு விரட்டினார். லேபருக்கு லீவு எழுதினால் மேலே இருந்து அவருக்குத் திட்டு விழும் என்று பிறகு கேள்விப்பட்டேன். இருந்தாலும் அவர் மேல் எனக்கு இன்னும் கோபம் போகவில்லை.

மறுநாள் வலி கூடியது, காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. சரி, அலங்காரம் வேண்டாம் என்று சிமெண்ட் தூசி படிந்த டூட்டிச் சட்டையை மாட்டிக் கூட்டிப் போனோம். கம்பவுண்டர் மூக்கைப் பொத்திக்கொண்டார். குளித்துவிட்டு வரச் சொன்னார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது இதுதான்.

எனக்கு ரத்தம் கொதித்தது. "தூக்குங்கடா அவனை!" என்றேன். முன்வாசல் வழியாக நுழைந்து, ரூம் மொத்தமும் சோபாவில் உட்கார்ந்துவிட்டோம். அவ்வளவு மெத்தென்ற சோபாவை நாங்கள் கண்டதில்லை. எங்கள் ரூமிலேயே மூத்தவரான பட்டுக்கோட்டைக்காரர் அந்த அவசரத்திலும் எழுந்து எழுந்து உட்கார்ந்து பார்த்தார். எதிரே விரலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்த வெள்ளைக்காரர் பத்திரிகையை இறக்கிவிட்டு எங்களையே பார்த்தார். காவலாள் போலீஸைக் கூப்பிடுவேன் என்று கத்தினான்.

"கூப்புடுய்யா! வந்தா அவுங்களாச்சும் இவன என்னான்னு பாக்கட்டும்!" என்று நான் தமிழிலேயே கத்தினேன். உள்ளுக்குள் பயம்தான். வேலை போனால் அடுத்த கப்பலில் ஊருக்கு.

சத்தம் கேட்டு வெள்ளைக்கார டாக்டர் வெளியே வந்தார். என்ன நினைத்தாரோ, சோபாவிலேயே அவனைப் படுக்க வைத்து, அந்தத் தூசிச் சட்டையை விலக்கி, வயிற்றின் வலப்பக்கம் அழுத்தினார். அவன் போட்ட அலறலில் காவலாள் வாயை மூடிக்கொண்டான். குடல்வால் வீங்கியிருந்தது. அன்று மத்தியானமே பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் ஆள் இல்லை என்றார்கள்.

அவன் தேறியதும் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனோம். பிழைத்துவிட்டான் என்ற சந்தோஷத்தில் எங்களுக்கு வாய் நிற்கவில்லை.

"ஏண்டா, தொரை கை பட்டதுக்கா அந்தக் கத்து கத்துன?" என்றார் பட்டுக்கோட்டைக்காரர்.

"சிரிக்க வைக்காதீங்கண்ணே, தையல் இழுக்குது" என்று அவனும் சிரித்தான். பிறகு வயிற்றை மெல்லத் தடவிக்கொண்டே சொன்னான்.

"வலிதாண்ணே. ஆனா இந்த ஊருக்கு வந்து இத்தன வருசத்துல, டாக்டருன்னு ஒருத்தரு என்னத் தொட்டுப் பாத்தது அன்னிக்கித்தான்."