நசீர் பாய் எழுதிய பச்சைத் திரை

நசீர் பாய்க்கு அது தெரியுமா, தெரியாதா? இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இனிக் கேட்கவும் ஆளில்லை.

போன திங்கட்கிழமை காலை, காட்பாடியில் நான் வேலை பார்க்கும் கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, நம் பழைய கம்பெனியில் தோல் வெட்டும் கட்டிங் பிரிவில் இருந்த ஸ்டெல்லா போன் செய்தாள். "மேடம், நம்ம நசீர் பாய் போய்ட்டாரு. நெஞ்சு வலின்னு சொன்னாராம். சாயங்காலமே அடக்கம்." நான் "சரி" என்றேன்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில், ஆம்பூரில் நம் ஷூ கம்பெனியின் கம்ப்யூட்டர் அறையில் இருந்தது நாங்கள் இருவர்தான். ஸ்டோரிலும் கட்டிங்கிலும் நீங்கள் பார்த்த பச்சை எழுத்துத் திரைகளை எழுதியவர் அவர். படம் கிடையாது, மவுஸ் கிடையாது; கட்டமும் எண்ணும் எழுத்தும்தான். அதற்குக் கர்சஸ் என்ற நிரல் தொகுப்பைப் பயன்படுத்தினார். நாம் எழுதச் சொல்வதை அது உடனே திரையில் காட்டாது. தன் நினைவில் வைத்துக்கொள்ளும். 'ரெஃப்ரெஷ்' என்று தனியாக ஒரு வரி சேர்த்தால்தான் திரை மாறும். எம்.சி.ஏ. முடித்து வந்த எனக்கு இது வீண் சுற்றுவழியாகப் பட்டது. அவர் சிரித்தார். "இது நம்ம முதலாளி மாதிரி மேடம். எல்லாத்தயும் மனசுல வச்சிக்கும். நாமதான் கேட்டு வாங்கணும்."

இறந்தவர்களை உடனே உத்தமர்களாக்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நசீர் பாய் குறிப்பு எழுதமாட்டார். என் ஃபைலைச் சொல்லாமல் திறந்து திருத்துவார். திருத்தியதை அவரே மறந்துவிடுவார். கேட்டால், "நான் தொட்டனா? தொட்டிருப்பேன்," என்பார். என் குழப்பத்துக்கு இந்த மறதியும் ஒரு காரணம்.

கட்டிங்கில் திரை விட்டு விட்டு மின்னுகிறது, கண் வலிக்கிறது என்று ஸ்டெல்லா ஒருநாள் சொன்னாள். அதைக் குறைக்க நசீர் பாயின் நிரலிலிருந்து ஒரு ரெஃப்ரெஷ் வரியை நான் நீக்கினேன். இன்னொரு வரி அந்த வேலையைச் செய்யும் என்று நினைத்தேன். செய்யவில்லை. மறுநாள், ஒரு ஆர்டருக்கு எந்த லாட்டிலிருந்து, அதாவது எந்தத் தோல் கட்டிலிருந்து, வெட்டுவது என்பதை ஸ்டோரில் மாற்றினார்கள். உள்ளே மாறியது, கட்டிங் திரையில் பழைய லாட்டே நின்றது. அது வேறொரு ஆர்டருக்காக எடுத்துவைத்த தோல். முழுவதும் வெட்டிவிட்டார்கள். வெட்டிய தோலை ஒட்ட முடியாது.

யாருக்கும் சொல்லாமல் வரியைத் திரும்பச் சேர்த்தேன். மதியம் மேனேஜர் எங்கள் இருவரையும் அழைத்தார்.

"யாருய்யா கை வச்சது?"

நான் வாய் திறப்பதற்குள், "என் புரோகிராம் சார். என் தப்புதான்," என்றார் நசீர் பாய். அவர் முந்தியிருக்காவிட்டால் வாய் திறந்திருப்பேனா என்பதும் எனக்குத் தெரியவில்லை. புது யூனிட்டின் கம்ப்யூட்டர் பிரிவுக்கு அவர்தான் பொறுப்பேற்பதாக இருந்தது. அந்த இடம் எனக்கு வந்தது.

அன்று மாலை பஸ் நிறுத்தத்தில் அவர் என்னிடம் கேட்டது இவ்வளவுதான்.

"இப்ப ஸ்கிரீன் மாறுதா மேடம்?"

"மாறுது பாய்."

"அப்ப பேஜார் இல்ல."

தெரிந்துதான் கேட்டாரா? அல்லது தானே எதையோ தொட்டு மறந்துவிட்டதாக நம்பினாரா? இத்தனை வருடங்களில் இரண்டையும் மாற்றி மாற்றி நம்பியிருக்கிறேன். எனக்கு வசதியானது இரண்டாவது.

"இங்க உக்காந்து பாத்தா எல்லாம் சரியாத்தான் இருக்கும். அங்க போய் நின்னு பாருங்க," என்பார். அந்தப் பழக்கம் மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. இன்றும் எதைத் திருத்தினாலும், அதைப் பயன்படுத்துபவரின் மேசைவரை நடந்து போய்ப் பார்க்கிறேன்.

செவ்வாய்க்கிழமை ஆம்பூருக்குப் போனேன். அவர் மனைவி ஷமீம் பாபி உள்ளறையில் இருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"தப்பு தன்னுதுன்னுதான் வீட்லயும் சொன்னாரு," என்றார். "நல்ல இடம் கைவிட்டுப் போச்சேன்னு அன்னிக்கி நான்கூட ஜாஸ்தி திட்டிட்டேன்."

"நான்தான்னு அவருக்குத் தெரியுமா பாபி?"

"அது எனக்கு எப்படிம்மா தெரியும்? உங்களுக்குத் தெரியும்ல. என்கிட்ட மட்டும் சொன்னா ஆச்சா? கம்பெனில இருந்தவங்க எல்லாருக்கும் சொல்லுங்க."

சொல்கிறேன். அந்த வரியை நீக்கியது நான். நசீர் பாய் அல்ல.