ரிசல்ட்டுக்கு முந்தைய நாள் திருவள்ளூரில்

கட்டி என்று ஆஸ்பத்திரிக்குப் போய், ஊசி குத்திச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு, ரிசல்ட் வரும்வரை வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருப்பவர்கள் சிலர் திருவள்ளூர் வீரராகவர் கோயிலுக்கு எப்படிப் போவது என்று கேட்கிறார்கள். அந்த நடை எனக்கும் தெரியும். எழுபதுகளின் நடுவில், ஒரு மாசி அமாவாசையன்று, தொண்டையில் கட்டியோடு நானும் போனேன். வயது முப்பத்தொன்று.

அப்போது கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். சவரம் செய்யும்போது தொண்டை மணிக்குப் பக்கத்தில் ஏதோ உருண்டது. மெட்ராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஊசியால் உறிஞ்சி எடுத்து, பத்து நாள் கழித்து வரச் சொன்னார்கள். அந்தப் பத்து நாளும் நான் செய்த காரியத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். இரும்புத் துண்டை மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குவரை அளக்கும் வெர்னியர் என் கையிலேயே இருந்தது. அதைக் கொண்டு கட்டியை அளந்தேன். முதல் நாள் 12.4. ஐந்தாம் நாள் 13.1. அளவைக் கூலிச் சீட்டின் பின்பக்கம் குறித்துவைத்தேன். புற்றுநோய் என்ற சொல்லை மட்டும் மனைவி தனத்திடம் சொல்லவில்லை. வெறும் நீர்க்கட்டியாக இருக்கும் என்று அளந்துவிட்டிருந்தேன்.

கோயில் குளத்தில் வெல்லம் கரைத்தால் உடம்பில் இருக்கும் கட்டியும் கரையும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. "நாளைன்னிக்கி ரிசல்ட்டு. நாளைக்கி அமாவாசை. போயிட்டு வந்துடலாம்" என்றாள் தனம். எனக்குப் பெரிய பக்தி கிடையாது. ஆனால் அந்த நிலையில் யார் எதைக் கரைக்கச் சொன்னாலும் கரைத்திருப்பேன்.

மூன்று வயது மகளை முந்தின நாளே சோழவரத்தில் என் தங்கை வீட்டில் விட்டுவிட்டு வந்தோம். கிளம்பும்போது அவள் கையை ஆட்டினாள். நான் போய்விட்டால் இவளுக்கு என் முகம் ஞாபகம் இருக்குமா என்று நினைத்தேன். மூன்று வயதில் எதுவும் நிற்காது என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன்.

கும்மிடிப்பூண்டியிலிருந்து காலை 5.40 பாசஞ்சர். பேசின் பிரிட்ஜ் வரை 46 கிலோமீட்டர். அங்கே ஐம்பது நிமிடம் காத்திருந்து வண்டி மாறினால் திருவள்ளூர் இன்னும் 40. இறங்கும்போது மணி 9.20. ஸ்டேஷனிலிருந்து கோயிலுக்கு மூன்று கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். குதிரை பூட்டிய ஜட்காவுக்கு ஒன்றேகால் ரூபாய்.

ஜட்காக்காரர் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"வெல்லம் போடத்தானே வந்துகினுகிற? எங்க கட்டி?"

காட்டினேன்.

"இவ்ளோதானா? இதுக்கா மூஞ்ச இப்டி வச்சிகினுகிற நைனா? போன அமாவாசைக்கி ஒர்த்தரு முதுவுல தேங்கா மாரி வச்சிகினு வந்தாரு. ஜாலியா பேசிகினு வந்தாரு."

அந்த முதுகுக்காரர் இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

குளக்கரையில் தலைகள்தான் தெரிந்தன. வெல்லத்தை இடித்துத் தூளாக்கி எடுத்துப்போவதுதான் வழக்கம். நான் என் அறிவைக் காட்டினேன். கட்டியாகப் போட்டால்தானே கட்டி கரைந்ததா என்று தெரியும்? எலுமிச்சை அளவில் ஒரு முழுத்துண்டு வாங்கி, தண்ணீருக்கடியில் தெரிந்த படியில் வைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். சுற்றிலும் வெல்லம் போட்டவர்கள் கும்பிட்டுக் கரையேறிக்கொண்டிருந்தார்கள். என்னுடையது மட்டும் அப்படியே இருந்தது.

பக்கத்துப் படியில் துணி பிழிந்துகொண்டிருந்த அம்மாள் பொறுக்க முடியாமல் சொன்னார்: "ஒடச்சிப் போடுப்பா. முழுசா வச்சிகினு குந்திகினுகிற, அது எப்பக் கரையறது?"

நம்பிக்கை இல்லாதவன், அந்த நிமிடத்தில் முழுசாக நம்பினேன். பையிலிருந்து வெர்னியரை எடுத்துக் கழுத்தில் வைத்தேன். 13.8. நிமிர்ந்தால் தனம் நிற்கிறாள்.

"இன்னாங்க இது? பட்டறை சாமான கய்த்துல வச்சிகினு?"

"அளவு பார்த்தேன்."

"எத்தினி நாளா?"

"பத்து நாளா."

அவள் வெர்னியரைப் பிடுங்கித் தன் பையில் போட்டாள். தண்ணீரில் இறங்கி அந்த வெல்லத்தைக் கையாலேயே பிசைந்து கரைத்துவிட்டாள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. "வாங்க, சாமியப் பாத்துட்டு நாஷ்டா துன்னலாம்" என்றாள். நான் இட்லி தின்றேன். விழுங்கும்போது வலித்தது.

அன்றைக்கு ஒன்பது கிலோமீட்டர் தள்ளி வேப்பம்பட்டில் தனத்தின் அக்கா வீட்டில் தங்கினோம். மறுநாள் காலை 7.10 வண்டி பிடித்து மெட்ராஸ். ஆஸ்பத்திரி பெஞ்சில் இரண்டு மணி நேரம்.

டாக்டர் காகிதத்தைப் படித்தார். "புற்று இல்லை. தைராய்டில் சாதாரண நீர்க்கட்டி. ஆறு மாதம் கழித்து வந்து காட்டு." பிறகு என் கழுத்தை உற்றுப் பார்த்து, "இதென்ன, தோல் இப்படிச் சிவந்து கன்றியிருக்கிறது?" என்று கேட்டார்.

தனம் பையிலிருந்து வெர்னியரை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை?"

"ஆறு, ஏழு தடவை சார்."

"இரும்பை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தால் வீங்காமல் என்ன செய்யும்?" என்றார். ஆக, அந்த 1.4 மில்லிமீட்டரும் என் கைவேலை. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. உயிரோடு இருக்கப்போகிறேன் என்ற சந்தோஷத்தில் கம்பவுண்டருக்கெல்லாம் கும்பிடு போட்டேன்.

வெளியே வந்ததும் தனம் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"நீயும் பயந்துகொண்டா இருந்தாய்? நான் நீர்க்கட்டி என்றுதானே சொன்னேன்?"

"நீங்க தூங்கனப்பறம் தெனம் நானும் தொட்டுப் பாத்துகினுதான் இருந்தேன். பெருசாவுதுன்னு எனக்கும் தெரியும். சொன்னா நீங்க பயந்துடுவீங்கன்னு சொல்லல."

போகிறவர்களுக்கு: இப்போது மின்சார ரயில் அடிக்கடி உண்டு. அமாவாசைக் கூட்டம் வேண்டாமென்றால் வேறு நாளில் போங்கள். முதலில் ஆஸ்பத்திரி, பிறகுதான் குளம். கொடுத்த தேதியில் ரிசல்ட்டை வாங்கிவிடுங்கள். அதுவரை கட்டியைத் தொடாதீர்கள். வெல்லத்தைத் தூளாக்கிக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், உங்கள் பயம் என்ன என்பதைக் கூட வருகிறவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். அவரைப் பயமுறுத்திவிடுவோமோ என்று யோசிக்கவே வேண்டாம். ஒரே வீட்டில், ஒரே பாயில், பத்து நாள் நாங்கள் இருவரும் தனித்தனியாகப் பயந்தோம்.