ஒரே ஆள் என்று நான் சொன்னது

மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிப் பிரிவில் எனக்கு வேலை. பாளையம்பட்டியிலிருந்து தினமும் பஸ். எந்த ரத்தக் குப்பி யாருடையது, எந்த ஃப்ரீசரில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று கேட்டால் சாஃப்ட்வேர் டக்கென்று சொல்லும். அதற்குச் சொல்லிக்கொடுப்பது நான்தான்.

மூன்று வருஷத்துக்கு முன் நரிக்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் இரண்டு நாள் முகாம் போட்டோம். இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சிறுநீரகம் ஏன் கெடுகிறது என்று பார்க்கிற ஆராய்ச்சி. யார் ரத்தத்தில் கோளாறு தெரிந்தாலும் உடனே கூப்பிட்டு வைத்தியம் தொடங்கவேண்டும். ஆரம்பத்திலேயே பிடித்தால் காப்பாற்றிவிடலாம்.

விவரங்களை ஏற்றும்போது சாஃப்ட்வேர் ஒரு கேள்வி கேட்டது. இந்த இரண்டு பதிவும் ஒரே ஆள்தானா, சேர்த்துவிடவா? பெண்ணின் பேர் ஒன்றே, அப்பா பேர் ஒன்றே, ஊர் ஒன்றே, வயசு இரண்டிலும் முப்பத்தைந்து. போன் நம்பர் மட்டும் வேறே. நம்ம ஊரில் நம்பர் மாத்தாத ஆள் யாரு? முதல் நாள் ரத்தம் கொடுத்தவள் மறுநாளும் வந்து வரிசையில் நின்றிருக்கிறாள் என்று அலுத்துக்கொண்டே ‘ஆம்’ என்று அழுத்தினேன்.

என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும். எங்கள் பக்கம் மூத்த ஆணுக்குக் குலசாமி பேர், மூத்த பெண்ணுக்கு அம்மன் பேர். ஒரே சாமி கும்பிடுகிற பங்காளிகளில் வீட்டுக்கு ஒருத்தி அதே பேரோடு இருப்பாள். என் பேரும் அப்படி வைத்ததுதான். எங்கள் வகுப்பிலேயே அந்தப் பேரில் மூன்று பேர் இருந்தோம். வயசைக் கேட்டால் எல்லோரும் குத்துமதிப்பாகத்தான் சொல்வார்கள். எங்கேயோ உட்கார்ந்து அந்த சாஃப்ட்வேரை எழுதியவனுக்கு இதெல்லாம் தெரியாது. எனக்குத் தெரியும்.

இரண்டு மாதத்தில் அந்தப் பேரில் ஒரு குப்பியில் கோளாறு வந்தது. திரையில் இருந்த நம்பருக்குக் கூப்பிட்டேன். அந்தப் பெண் கூலி வேலையை விட்டுவிட்டுப் பதறிப்போய் வந்தாள். மறுபடி எடுத்துப் பார்த்தால் ஒன்றுமில்லை. முதல் பரிசோதனைதான் தப்பு என்று டாக்டர் எழுத, நான் முடிந்தது என்று பதிந்தேன்.

போன மாதம் டயாலிசிஸ் வார்டிலிருந்து நர்ஸ் என்னைக் கூப்பிட்டார். கட்டிலில் கால் வீங்கி ஒரு பெண். கையில் எங்கள் முகாம் அட்டை. அதிலிருந்த எண்ணை சாஃப்ட்வேரில் தட்டினால் முன்பு வந்துபோன பெண்ணின் போன் நம்பர் வந்தது. இரண்டு பேரின் பழைய படிவங்களையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

கட்டிலருகே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். இவள் ரத்தத்தில் வந்த கோளாறுக்கு வேறொருத்தியைக் கூப்பிட்டதை, இரண்டு பேரை ஒருத்தியாக்கியது நான்தான் என்பதை. திட்டுவாள் என்று இருந்தேன். திட்டினால் நன்றாயிருக்கும் போலவும் இருந்தது.

“அவளுக்கு ஒண்ணுமில்லையில்ல?” என்று கேட்டாள்.

இல்லை என்றேன்.

வீங்கிய காலைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

“கால் வீங்குனப்பவே எங்க வீட்டுக்காரவுக ஆசுபத்திரிக்குப் போயிருவம்னாக. நாந்தான் வேண்டாம்னேன். ரத்தம் எடுத்தவுக கூப்பிடலையே, அப்ப நமக்கு ஒண்ணும் இருக்காதுன்னு தைரியமா இருந்துட்டேன்.”