ஐந்து பேருக்கான வாகனம்

இந்த ஊரில் பனிக்காலம் வந்தால் வாகனத்துக்கும் மின்சாரம் கொடுக்க வேண்டும். கைத்தொலைபேசிக்குக் கொடுப்பதுபோல, வீட்டுச் சுவரிலிருந்து வயர் இழுத்து, வாகனத்தின் முன்பக்கத்தில் தொங்கும் பிளக்கில் செருகிவிட்டால்தான் காலையில் இயந்திரம் உயிர் பிடிக்கும். எட்மன்டனுக்கு வந்த முதல் வருடம் அதை மறந்து, வயரோடு வாகனத்தை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனவன் நான். சிக்னலில் பக்கத்து வாகனக்காரன் கண்ணாடியை இறக்கிக் கையைக் காட்டினான். வணக்கம் சொல்கிறானாக்கும் என்று நானும் கையைக் காட்டினேன். மஞ்சள் வயர் ரோட்டில் இழுபட்டுக்கொண்டு வந்தது எனக்கு எங்கே தெரியும்? நான் பிறந்து வளர்ந்த மன்னார்த் தீவில் மணலில் சில்லுப் புதைந்தால் இறங்கித் தள்ள நாலு பேர் வருவார்கள். வாகனங்களைப் பற்றி எனக்குத் தெரிந்த சங்கதி அவ்வளவுதான்.

அந்தப் பழைய வாகனம் போன கார்த்திகையில் கியர்ப்பெட்டி உடைந்து நின்றுவிட்டது. தேடித் தேடி நானும் மனைவி ரெஜினாவும் இரண்டு வாகனங்களில் வந்து நின்றோம். ஒன்று கொம்பாக்ட், ஐந்து பேர் இருக்கலாம். மற்றது பெரிய குறொஸ்ஓவர், மூன்று வரிசை, ஏழு பேர். நான் பெரியதற்கு நின்றேன். பனிக்கு அதுதான் தோது, நான்கு சில்லும் இழுக்கும் என்றேன். சின்னதும் நான்கு சில்லும் இழுக்கும், கொஞ்சம் வாசித்துப் பாருங்கோ என்றாள். உயரம் என்றேன். கராஜுக்குள் போகாத உயரத்தை எங்கே கொண்டுபோய் விடுவது என்றாள். அவள் ஏற்கெனவே அளவுநாடாவோடு போய்க் கராஜை அளந்திருந்தாள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடுகிற ஆள். அவளிடம் வாய் கொடுத்து நான் வென்றதாகச் சரித்திரம் இல்லை.

விற்பனை நிலையத்துக்காரன் சிரித்துக்கொண்டே வந்து, குடும்பத்தில் எத்தனை பேர் என்று கேட்டான். நான் ஆறு என்றேன். ரெஜினா ஐந்து என்றாள். இரண்டும் ஒரே நேரத்தில் விழுந்தன. அவன் எங்களை மாறி மாறிப் பார்த்தான். பிறகு முகம் மலர்ந்து, ரெஜினாவின் வயிற்றைப் பார்த்து வாழ்த்துச் சொன்னான். எனக்குக் கோப்பி வந்தது, அவளுக்கு மட்டும் இளஞ்சூட்டில் தண்ணீர். அவள் அதைத் தொடவில்லை.

அவனுக்கு நான் எப்படி விளங்கப்படுத்துவது? நான், ரெஜினா, மகன், மகள், போன வருடம் எங்களோடு வந்து சேர்ந்த அம்மா. ஐந்து பேர். ஆறாவது ஆள் என் தம்பி ஜெரோம். சண்டைக் காலத்தில், பத்தொன்பது வயதில், தோட்டவெளியிலிருந்து சைக்கிள் டியூப் வாங்க உப்புக்குளத்துக்குப் போனவன். இலக்கத் தகடு இல்லாத வாகனம் ஒன்றில் அவனை ஏற்றிக்கொண்டு போனதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். ஏற்றியது யார் என்று சொல்லத்தான் ஒருவரும் இல்லை. அம்மா ஏறாத அரசாங்கக் கந்தோர்ப் படி இல்லை, அழாத முகாம் வாசல் இல்லை. அடுத்த வருடமே என்னை நாட்டைவிட்டு அனுப்பினார். ஒருவனைக் கொடுத்தது காணும் என்றார்.

எங்கள் பக்கத்தில் இப்படிப் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் எண்ணிக்கையை விடுவதில்லை. மரணச் சான்றிதழ் தருகிறோம் என்று நீட்டினால் கையாலும் தொடமாட்டார்கள். அப்பா கண்மூடி, நானும் இங்கே வந்து, அம்மா தனியே இருந்த காலத்திலும், ஊர் விதானையார் பதிவுக்கு வந்து வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டால் இரண்டு என்பாராம். மடுமாதா கோயில் திருவிழாவுக்கு வான் பிடித்துப் போகும்போது பக்கத்து இடத்தில் தன் பையை வைத்துவிடுவார். சனம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். வான்காரன் முணுமுணுப்பான். அம்மா பையை எடுக்கமாட்டார். ஊர்ச்சனம் அதற்குமேல் ஒன்றும் கேட்காது. அந்த வானுக்குள் இன்னும் எத்தனை பேருக்கு அதே நோவு. அந்தப் பழக்கம் என் நாக்கிலும் ஊறிவிட்டது. எத்தனை பேர் என்று யார் கேட்டாலும் ஒன்றைக் கூட்டித்தான் சொல்வேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் ரெஜினா அழுதாள். சண்டைக்கு ஆயத்தமாக இருந்த நான் கைக்குட்டையை எடுத்து நீட்டினேன்.

"இஞ்சேருங்கோ, உங்கட தம்பி வரவேணும் எண்டுதான் எனக்கும் ஆசை. ஆனா எங்கட பிள்ளையள் எத்தினை நாளைக்கு ஒரு வெறும் இடத்துக்குப் பக்கத்தில இருந்து வளருறது?"

 

அடுத்த கிழமை தனியே போய்ச் சின்னதற்குக் கையெழுத்து வைத்தேன். அம்மா கையாலும் தொடாத தாளில் நான் கையெழுத்து வைக்கிறேன் என்றுதான் எனக்குப் பட்டது. தம்பி இனி வரமாட்டான் என்று நான் எப்போதோ முடிவெடுத்துவிட்டதை அன்றைக்குத்தான் எனக்கே ஒப்புக்கொண்டேன். கண்ணீர் நிற்கவில்லை. விற்பனைக்காரன் அதைப் புது வாகனச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டு, வாகனத்தின் திறப்பைக் கையில் தந்து என்னை நிறுத்திப் படம் பிடித்தான். கையை உயர்த்தச் சொன்னான். நானும் உயர்த்தினேன்.

அம்மாவிடம் உண்மையைச் சொல்லத் தைரியம் வரவில்லை. பெரியதற்கு உயரம் கூடுதல், உங்களுடைய முழங்காலுக்கு ஏறி இறங்கச் சரிவராது என்று புளுகினேன். அவர் வாகனத்தை ஒருமுறை சுற்றிவந்தார். கையுறையைக் கழற்றி, கண்ணாடியில் படிந்திருந்த உறைபனியைத் துடைத்துவிட்டு உள்ளே பார்த்தார். உதடுகள் அசைந்தன. என்ன எண்ணுகிறார் என்று எனக்குத் தெரியும். நல்ல வாகனம் மோனை என்றார், வேறொன்றும் கேட்கவில்லை. தப்பித்தேன் என்று நினைத்தேன். பெற்றவளைப் பற்றி அவ்வளவு மலிவாக நினைத்திருக்கிறேன்.

ஞாயிறு பூசைக்கு வெளிக்கிட்டோம். கோயில் பதினைந்து நிமிட நடை. முன்னால் நானும் ரெஜினாவும், பின்னால் பிள்ளைகள். அம்மா கதவைத் திறந்தார். ஏறவில்லை. மகளை நடுவுக்குத் தள்ளியிருக்கச் சொல்லி, கண்ணாடியோரத்து இடம் வெறுமையானதும் கதவை மெல்லச் சாத்தினார். நான் கண்ணாடியை இறக்கி, குளிருது, ஏறுங்கோ அம்மா என்றேன்.

"அஞ்சு பேருக்குத்தானே இடம். அவனோட சேத்தா நீங்கள் அஞ்சு பேர். நான் நடந்து வாறன்."

குரலில் கோபம் இல்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். ரெஜினா இறங்கி ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து மன்றாடினாள். பிள்ளைகளுக்குக் குளிரும், நீ போ என்று அவளைத் திருப்பி அனுப்பிவிட்டு, அம்மா பனிக்குமேல் அடி அடியாக எடுத்து வைத்து நடந்தார். நான் அவர் நடைக்கு வாகனத்தை உருட்டினேன். முந்திப் போகவும் மனமில்லை, நிறுத்தவும் வழியில்லை. பின்னால் வாகனங்கள் சேர்ந்துவிட்டன. இந்த நாட்டில் ஹோர்ன் அடிக்கமாட்டார்கள். பொறுமையாகக் காத்திருந்தே ஆளைக் கொல்வார்கள். ஒருவர் பக்கத்தில் வந்து, வாகனத்தில் ஏதும் பிழையா என்று அக்கறையாகக் கேட்டார். இல்லை, வாகனம் நல்லாகத்தான் இருக்கிறது என்றேன்.

மகளுக்கு நடுவில் இருக்க இடைஞ்சலாக இருந்திருக்க வேண்டும்.

"அப்பா, நான் கண்ணாடிப் பக்கம் போகட்டா? அங்க ஒருத்தரும் இல்லைத்தானே?"

ரெஜினா என்னைத் திரும்பிப் பார்த்தாள். முன்னால் அம்மா, ஒருமுறை சறுக்கி, வேலியைப் பிடித்து நிமிர்ந்து, திரும்பிப் பாராமல் நடந்துகொண்டிருந்தார்.

"வேண்டாம் பிள்ளை," என்றேன். "அது சித்தப்பான்ர இடம்."