துடிப்பு அடங்கும் வரை

வெந்நீரில் முக்கிய கோழியிறகின் ஈர வாடையும், பறித்த கோழியைப் பருத்திமாரில் வாட்டும்போது எழும் கருகல் வாடையும் வந்தால்தான் எங்களுக்குப் பண்டிகை. கோவில்பட்டிக்குப் பக்கத்துக் கரிசல் ஊர் எங்களுடையது. பருத்தி எடுத்து முடிந்த செடியின் காய்ந்த தண்டான ‘பருத்திமார்’தான் எங்கள் விறகு.

கோழி அறுப்பது அம்மா. முந்தின சாயங்காலமே அதை மூங்கில் கூடையான ‘பஞ்சாரம்’ போட்டுக் கவிழ்த்து, இரையில்லாமல் தண்ணீர் மட்டும் வைப்பாள். காலையில் கத்தியைக் கல்லில் தீட்டி, கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்ப்பாள். வழுக்கினால் மறுபடியும் தீட்டுவாள். மற்ற கோழிகள் பார்க்காதபடி வீட்டின் பின்பக்கம் கொண்டுபோய், முந்தானையால் அதன் கண்ணை மூடி, ஒரே இழுப்பு. துடிப்பு அடங்கும் வரை ஒருவர் இறக்கையையும் காலையும் சேர்த்துப் பிடித்திருக்க வேண்டும், கீழே போடக்கூடாது என்பது அவள் சட்டம். பிடிப்பது அண்ணன் வேலை.

நான் ஆறாவது படித்த வருஷம் ஈஸ்டருக்கு அண்ணன் விடுதியிலிருந்து வரவில்லை. நான் பிடிக்கிறேன் என்று நானே போய் நின்றேன். முட்டையிடுவதை நிறுத்திவிட்ட சாம்பல் நிறக் கோழி. தினமும் நான் கம்பு போட்டு வளர்த்தது.

"கெட்டியாப் பிடி ஏட்டி. என்ன ஆனாலும் விட்டுராத."

கத்தி பட்டதும் அதன் உடம்பு என் கைக்குள் சூடாக உதறியது. பாவமாக இருந்தது, கை தளர்ந்துவிட்டது. பாதி அறுபட்ட கோழி ஓடிப்போய்ப் பருத்திமார்க் குவியலுக்குள் புகுந்துகொண்டது. அம்மா குவியலை வாரி வாரி எறிந்து அதைக் கண்டெடுக்கும் வரை, உள்ளேயிருந்து இறக்கை அடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டேயிருந்தது. எடுத்து, இரண்டாம் முறை அறுத்து, அடங்கும் வரை தானே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பாவம் பாத்து விட்டுட்டியே. ஒரு சாவோட போக வேண்டியதுக்கு ரெண்டு சாவு குடுத்துட்ட" என்றாள். குரலை உயர்த்தவில்லை.

விருந்துக்கு வந்திருந்த அத்தை, "அழுதுக்கிட்டு நிக்கால்லா, பாருங்க, மொத ஆளா வந்து ஈரலு கேப்பா" என்று சிரித்தாள். நான் கேட்கவில்லை, அம்மாவே என் தட்டில் வைத்தாள். ருசியாகத்தான் இருந்தது. அதைச் சொல்ல இன்றும் கூசுகிறது. அதன் பிறகு இறகு பறிப்பதும் மஞ்சள் தேய்த்துக் கழுவுவதும் என் வேலையாயின. பிடிக்க மட்டும் அம்மா என்னைக் கூப்பிடவேயில்லை.

இப்போது பஞ்சாரமும் இல்லை, பருத்திமாரும் இல்லை. தெருமுனையில் கறிக்கடை இருக்கிறது. கடைக்காரர் கழுத்தை அறுத்து, நீல டிரம்முக்குள் போட்டு மூடிவிட்டு, "அண்ணாச்சி, ஒங்களுக்குத் தோலோடயா?" என்று அடுத்தவரிடம் திரும்பிவிடுகிறார். இதையெல்லாம் பார்த்துப் பயந்துவிடுவானோ என்று என் மகனை நான் அங்கே கூட்டிப்போவதேயில்லை. போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் வேறு யாருமில்லாததால் அவனும் வந்தான். டிரம்முக்குள் இறக்கை அடித்தது. அவன் எட்டிப் பார்த்துவிட்டுச் சும்மா நின்றான். சத்தம் நிற்கும் வரை என்னால் நகர முடியவில்லை.

"கைய விடும்மா, வலிக்குது" என்றான்.

குனிந்து பார்த்தேன். அவன் மணிக்கட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தேன்.