பதினோராவது ஆள்

1892-ஆம் வருஷம், அமெரிக்காவில் ஐயோவா மாநிலத்தின் சோளக்காடுகளுக்கு நடுவே இருந்த டன்மோர் கல்லூரி முதன்முதலாக ஒரு கால்பந்து அணியைக் களத்தில் இறக்கியது. பெயர்தான் கால்பந்து. பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடுவதும், ஓடுகிறவனை மண்ணில் சாய்ப்பதும்தான் ஆட்டம். அதன் விதிகளைப் படித்திருந்தவன் எல்பர்ட் ஹாஸ்கின்ஸ் ஒருவன் மட்டுமே என்பதால் அவனைக் கேப்டனாக்கிவிட்டார்கள்.

ஐந்து ஆட்டம் ஆடி ஐந்திலும் தோற்றார்கள். ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. போகிற ஊரிலெல்லாம், "டன்மோர் பசங்களா, பந்து வேணுமா, பால் புட்டி வேணுமா?" என்று கூட்டம் கத்தியது. எல்பர்ட்டுக்குச் சோறு இறங்கவில்லை. தேவாலயத்தில் பெண்கள் குசுகுசுவென்று பேசினாலே தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று காது சிவந்தது.

ஐந்தாவது ஆட்டத்தில் எதிரணியினர் கைகோத்து ஆப்புப்போல மோதிவந்தபோது, நடு ஆட்டக்காரன் லைமன் ப்ராக்டரின் தலையில் யாருடைய முழங்காலோ இடித்தது. எழுந்தவன் நேராகப் போய் எதிரணியின் வரிசையில் நின்றான். எல்லோரும் சிரித்தார்கள். எல்பர்ட்டும் சிரித்தான். லைமன் அவனுடைய அறைத்தோழன். அன்று முதல் லைமனுக்கு விளக்கு வெளிச்சம் ஆகவில்லை. பாடம் படித்தால் ஒரே வரியை இரண்டு முறை படித்தான்.

கடைசி ஆட்டம், நவம்பர் கடைசியில் வரும் நன்றி நாள் பண்டிகையன்று, சொந்த மைதானத்தில், பார்லோ கல்லூரியோடு. பதினான்கு பேரில் இருவருக்கு எலும்பு முறிந்திருந்தது. ஒருவனைச் சோளம் உரிக்க அப்பா கூட்டிப்போய்விட்டார். லைமனையும் சேர்த்தால்தான் பதினொன்று.

"இன்னிக்கு என்னால ஆகாதுடா. குனிஞ்சா கண்ணு இருட்டுது," என்றான் லைமன், காலையில் கட்டிலில் உட்கார்ந்தபடி.

"நீ ஓடவே வேணாம். பந்தப் பின்னால தள்ளி விட்டுட்டு நில்லு, போதும்."

"வேற யாரையாவது போடேன்."

"யாருடா இருக்கா? பத்து பேரோட இறங்கினா பார்லோக்காரன் காலத்துக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். பயமா இருந்தா சொல்லு, போய் உங்கம்மா பின்னாடி ஒளிஞ்சுக்க."

லைமன் பூட்ஸை எடுத்து நாடாவைக் கட்டினான். விரல் சரியாகப் பிடிக்காமல் மூன்று தடவை அவிழ்த்துக் கட்டினான். எல்பர்ட் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

இரண்டாம் பாதியில், முப்பது புள்ளி பின்தங்கியிருந்தபோது, லைமன் விழுந்தான். குவியலிலிருந்து ஒவ்வொருவராக எழுந்தார்கள், அவன் எழவில்லை. பலகையில் தூக்கிப்போனார்கள். அதற்குப் பிறகும் ஆட்டம் நடந்தது. நாற்பத்தாறுக்குப் பூஜ்யம்.

மூன்றாம் நாள் லைமன் கண் விழித்தான். ஆனால் எழுத்துகள் அவன் கண்ணுக்கு முன் நீந்தின. ஒரு பக்கம் படித்தால் வாந்தி எடுத்தான். கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனவன் திரும்பவில்லை. அவனுடைய ஊர்ப் பள்ளியில் ஆசிரியர் வேலை அவனுக்கென்றே பேசி வைத்திருந்தார்கள். அவனால் முடியாது என்று தெரிந்ததும் பள்ளிக்காரர்கள் கல்லூரிக்கு எழுதி வேறு ஆள் கேட்டார்கள். எல்பர்ட் போனான்.

இருபத்திரண்டு வருஷம் அங்கேயே பாடம் நடத்தினான். இரண்டு மைல் தள்ளி லைமன் மாடு வைத்துப் பிழைத்தான். மன்னிப்புக் கேட்க ஒருமுறை எல்பர்ட் அங்கே போனபோது லைமனின் தங்கை ஆர்ஃபா வாசலிலேயே மறித்தாள். "உங்க மனசு லேசாகறதுக்கு, பழசையெல்லாம் கேட்டுட்டு அவன் ரெண்டு நாள் தலைவலியில கிடக்கணுமா? போங்க."

1914-இல் டன்மோர் எல்லா ஆட்டத்தையும் வென்றது. வெற்றி விருந்துக்கு முதல் கேப்டனைப் பேசக் கூப்பிட்டார்கள். எல்பர்ட் எழுந்து நடந்ததை அப்படியே சொன்னான். முடியாது என்று சொன்னவனைத் தான் கேலி செய்து இறக்கியதை, அந்தப் பூட்ஸ் நாடாவை, பலகையை. கூட்டத்தில் ஒருவன் நாற்காலி மேல் ஏறி, "ப்ராக்டருக்கு மூணு ஜே போடுங்கடா!" என்றான். கூரை அதிர்ந்தது.

கல்லூரித் தலைவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அடிபட்டும் ஆடினானே! இந்தக் காலத்துப் பசங்ககிட்ட அந்த நெஞ்சுரம் ஏது?"

"ஐயா, நான் சொல்ல வந்தது அது இல்ல..." என்றான் எல்பர்ட். வாத்தியக்காரர்கள் வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

மறுநாள் ஆர்ஃபா வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து மாட்டுக்கொட்டகைக்குப் போனான். லைமன் பால் கறந்துகொண்டிருந்தான். எல்பர்ட் எல்லாவற்றையும் சொல்லி முடித்தான்.

"நான் வரமாட்டேன்னு சொன்னதையும் சொன்னியா?"

"சொன்னேன்."

"அப்பவும் கை தட்டினாங்களா?"

"தட்டினாங்க."

"அந்த வாத்தியார் வேலை யாருக்கு வர வேண்டியதுன்னு சொன்னியா?"

எல்பர்ட் வைக்கோலைப் பார்த்தான்.

"அதையும் சொல்லியிருந்தா தட்டியிருக்க மாட்டாங்க," என்று சொல்லிவிட்டு, லைமன் வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த மாட்டுக்கு நகர்ந்தான்.

எல்பர்ட் வேலையை விடவில்லை; இன்னும் பதினோரு வருஷம் பார்த்தான். அந்த விருந்துக்கு அடுத்த குளிர்காலத்தில் லைமன் நிமோனியாவில் இறந்தபோது, சவப்பெட்டி தூக்க ஆறு பேரை ஆர்ஃபா வீடு வீடாகப் போய் அழைத்தாள். எல்பர்ட் இருந்த பள்ளிக்கூடத்துப் பக்கம் மட்டும் அவள் வரவில்லை.