கர்னல் ஜெயினுலாப்தீனும் நூறு கோப்புகளும்

“நான் போட்ட எழுத்து எழுத்துதான், போட்ட நம்பர் நம்பர்தான். அதுல ஒண்ண மாத்தணும்னா என் மவுத்துக்குப் பொறவு மாத்திக்கிடுங்க!”

1987ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், செம்பூர் ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு மருந்து மொத்த விற்பனைக் கம்பெனியின் இரண்டாவது மாடியில், கட்டிங் சாய் எனும் அரை டீக் கிளாஸைக் கையில் பிடித்தபடி ஜெயினுலாப்தீன் இவ்வாறு பிரகடனம் செய்தார். கேட்டவர்கள் ஒன்பது பேர். அதில் ஒருவர் சாய்க்காரர்; அவர் கிளாஸைத் திருப்பி வாங்குவதற்காக மட்டும் நின்றிருந்தார்.

ஜெயினுலாப்தீன் மேலப்பாளையத்தில் பிறந்தவர். பதினேழு வயதில் தாராவிக்கு வந்து, மாமாவின் தோல் பட்டறையில் சேர்ந்து, மாமாவோடு சண்டை போட்டு வெளியேறினார். குர்லாவில் டைப்ரைட்டர் மெக்கானிக் ஆனார். அங்கே முதலாளியோடு சண்டை. சாயங்கால வகுப்பில் கம்ப்யூட்டர் படித்தார். வாத்தியாரோடு சண்டை, ஆனால் முதல் மார்க். அவர் எங்கே போனாலும் அவருடைய கோபம் முன்கூட்டியே போய் நாற்காலி பிடித்து வைத்திருக்கும். காலையில் சயானில் ரயிலேறி, குர்லாவில் மாறி, செம்பூரில் இறங்குவதற்குள் குறைந்தபட்சம் இரண்டு பேரிடமாவது ‘க்யா தேக்தா ஹை, என்ன முறைக்கிறே’ என்று கேட்டுவிடுவார். ஆபீசுக்கு வரும்போது உடம்பு நன்றாகச் சூடேறியிருக்கும்.

அந்த ஆபீசில்தான் ஜெயினுலாப்தீன் பொறுப்பிலிருந்த யூனிக்ஸ் கம்ப்யூட்டர் மிஷின் இருந்தது. ஃப்ரிட்ஜ் அளவு உடம்பு, எட்டுத் திரைகள். அதன் நடு வயிற்றில் ஒரு ஆதார புரோகிராம் உட்கார்ந்துகொண்டு, யாருக்கு எவ்வளவு நினைவகம், ஒரே நேரத்தில் எத்தனை கோப்புகள் திறந்திருக்கலாம், டெலிபோன் கம்பி வழியாக யார் எப்போது உள்ளே வரலாம் என்று எல்லாவற்றையும் தீர்மானிக்கும். அதற்குப் பெயர் கர்னல், இங்கிலீஷில் உள்பருப்பு என்று அர்த்தம். ஆபீசில் எல்லோரும் அதை மிலிட்டரி கர்னல் என்றே புரிந்துகொண்டார்கள். “உள்ள ஒரு கர்னல் இருக்காராம்வே, பாய் சொன்னாத்தான் கேப்பாராம்” என்று குமாஸ்தா பிரம்மநாயகம் தாராவி முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். ஜெயினுலாப்தீன் இதைத் திருத்தவில்லை. மரியாதை எந்த வழியாக வந்தால் என்ன?

கர்னலுக்குள் நிறைய எண்கள் உண்டு. ஒன்றை மாற்றினால் கர்னலையே புதிதாகக் கட்டி, மிஷினை நிறுத்தி, திரும்பக் கிளப்ப வேண்டும். அரை மணி நேர வேலை. ஜெயினுலாப்தீன் ஆறு மாதம் அவற்றோடு மல்லுக்கட்டினார். அடிக்கடி பார்க்கும் பக்கங்களை நினைவிலேயே வைத்துக்கொள்ள அதிக இடம் ஒதுக்கினார். ஆறு விநாடி இழுத்த பில் இரண்டு விநாடியில் வந்தது. இது நியாயமான சாதனை. இதை மறைத்தால் எனக்குப் பாவம்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஒரே நேரத்தில் திறந்திருக்கக்கூடிய கோப்புகளின் எண்ணிக்கையையும் நூறாக வெட்டினார். அதனால் மிஞ்சிய இடம் ஒரு மூக்குப்பொடி டப்பா அளவு. ஆனால் திறந்த கோப்பைப் பார்த்தால் அவருக்குத் திறந்த கக்கூஸ் கதவைப் பார்த்த மாதிரி பற்றிக்கொண்டு வரும். காலையில் ஆறு பேர் உள்ளே போனால் நூறு நிரம்பிவிடும். ஏழாவது ஆளுக்கு ‘ஃபைல் டேபிள் ஃபுல்’ என்று திரை கையை விரித்துவிடும்.

“பாய், உள்ள விட மாட்டேங்கு.”

“வரிசையில நில்லும்வே. ரேஷன் கடையில நிக்கீருல்லா?”

மாட்டுங்காவிலிருந்து வரும் மானேஜர் வெங்கடராமன் மூன்று தடவை கெஞ்சினார். “ஜெயினு, அந்த நூறைக் கொஞ்சம் ஏத்தி வையுங்கோளேன். ஆர்டர் தேங்கிப் போறது.” அந்த மூன்றாவது கெஞ்சலுக்குப் பதிலாகத்தான் மேலே சொன்ன பிரகடனம் பிறந்தது.

எழுத்து என்று சொன்னாரே, அது தனிக் கதை. மிஷினுக்குள் நுழைய ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர் வேண்டும். இங்கிலீஷில் எட்டு எழுத்துக்கு மேல் கூடாது. ஜெயினுலாப்தீன் எல்லோருடைய பெயரையும் எட்டாவது எழுத்தில் கத்தரித்தார். பிரம்மநாயகம் ‘பிராமணா’ ஆனார். இன்னொரு குமாஸ்தா வானமாமலை ‘வனமாமா’ ஆனார். மானேஜர் ‘வெங்கடர்’ ஆகி, ஏதோ ஆழ்வார் சன்னிதியில் நிற்பவர் போலிருந்தார். ஆண்டாப் ஹில்லிலிருந்து வரும் சண்முகவடிவு ‘ஷண்முகா’ ஆனாள். பேரைத்தான் வெட்டினார், ஆளை அல்ல என்று எல்லோரும் சும்மா இருந்தார்கள்.

அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை, பகல் ஒரு மணிக்கு, கோட்டைப் பகுதியிலுள்ள தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. தற்காலிக ஆட்களின் மூன்று மாத வேலையை மிஷினின் அறிக்கைகளிலிருந்து அளந்து, சம்பளப் பட்டியலோடு ஒப்பிட்டு, யார் நிரந்தரம், யார் வீட்டுக்கு என்று அங்கே முடிவு செய்திருந்தார்கள். வெங்கடராமன் படித்தார்: “திரு. ஷண்முகாவின் பணி மிகச் சிறப்பு, நிரந்தரமாக்கலாம். செல்வி சண்முகவடிவு மூன்று மாதத்தில் ஒரு ஆர்டர்கூடப் பதியவில்லை. திங்கள் முதல் அவர் வரத் தேவையில்லை.”

சண்முகவடிவு அழவில்லை. நேரே ஜெயினுலாப்தீன் மேசைக்கு வந்து கடிதத்தைப் போட்டாள்.

“பாய், அந்த ஷண்முகா யாரு? எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க, எங்கம்மா மாப்பிள்ளை பாத்துக்கிட்டு இருக்கா.”

“ஏ புள்ள...”

“வேலை போச்சுன்னா திங்கக்கிழமை குர்லாவுல சட்டைக்குப் பொத்தான் தைக்கப் போணும். திரும்பவும். எட்டு எழுத்துதான் மிஷினு கேட்டுச்சு. முதல் எட்டுன்னா கேட்டுச்சு? வடிவுன்னு போட்டா இங்கிலீஷ்ல ஆறெழுத்துதானே?”

ஜெயினுலாப்தீனுக்குக் கோபம் வந்தது. வழக்கமாக அது வெளியே போகும். இந்தத் தடவை உள்ளேயே சுற்றிக்கொண்டு, போக ஆள் கிடைக்காமல் தவித்தது. போனை எடுத்தார். தலைமை அலுவலகத்து மேடம் கிடைத்தாள்.

“ஆம்பளையா பொம்பளையான்னு ஒரு போன் பண்ணிக் கேக்கத் தெரியாதா மேடம் உங்களுக்கு? பெரிய பெரிய டிகிரி!”

“திருத்தின ரிப்போர்ட் அஞ்சு மணிக்குள்ள வரணும். மூணு மாசமும் ஒண்ணாத்தான் வரணும். துண்டு துண்டா வாங்க மாட்டோம்.” டக்கென்று வைத்துவிட்டாள்.

பெயரை ‘வடிவு’ என்று மாற்றினார். “இது மாத்துறது இல்ல, திருத்துறது” என்று யாரும் கேட்காமலே விளக்கம் சொன்னார். மிஷின் ஆளைப் பெயரால் அறிவதில்லை. ஒவ்வொருவருக்கும் உள்ளே ஒரு எண் இருக்கிறது. பெயர் மாறியதும் மூன்று மாதத்துப் பதிவுகள் அத்தனையும், ஷண்முகாவை உதறிவிட்டு, வடிவு பேரில் வரிசையாக நின்றன. சண்முகவடிவு திரையைப் பார்த்துவிட்டு, “அம்புட்டும் நான் அடிச்சது” என்றாள்.

இனி அறிக்கைதான். எல்லோரையும் திரையை விட்டு எழுப்பிவிட்டு ஓட்டினார்.

‘ஃபைல் டேபிள் ஃபுல்’.

ஜெயினுலாப்தீன் மேசையைக் குத்தினார். கணக்குப் போட்டார். மூன்று மாதத்தில் எழுபத்தெட்டு வேலை நாள். நாளுக்கு ஒரு கோப்பு. அறிக்கை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திறக்கிறது. மிஷின் தன் சொந்தக் காரியத்துக்குத் திறந்து வைத்திருப்பது இருபத்தைந்து. மொத்தம் நூற்று மூன்று.

“மூணு! வெறும் மூணு!” என்று கத்தினார். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் டெலிபோனைத் திட்டினார், மின்விசிறியைத் திட்டினார். பிரிண்டர் வேலையை நிறுத்தினார், ஒன்று குறைந்தது. மணியடிக்கும் புரோகிராமைக் கொன்றார், இன்னொன்று. நூற்று ஒன்று. அதற்கு மேல் எதைப் பிடுங்கினாலும் மிஷினே விழுந்துவிடும்.

“பாய்,” என்றார் பிரம்மநாயகம், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல், “வரிசையில நில்லுங்களேன்.”

“வெளிய போரும்வே! எல்லாரும் போங்க! போயி வடா பாவ் தின்னுங்க!”

போனார்கள். வெங்கடராமனும், வானமாமலையைக் கூட்டிக்கொண்டு, பூனைபோல நழுவினார். சண்முகவடிவு மட்டும் நாற்காலியை விட்டு அசையவில்லை. மணி மூன்று பத்து.

ஜெயினுலாப்தீன் கொஞ்ச நேரம் திரையையே முறைத்தார். நூறு என்ற எண்ணும் அவரைத் திருப்பி முறைத்தது. அது அவர் சொன்னதைத்தான் செய்துகொண்டிருந்தது, ஆறு மாதமாக, ஒரு நாள் லீவு போடாமல்.

“ஏ புள்ள, அந்தப் பக்கம் திரும்பு. பாஸ்வேர்டு போடுதேன்.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். கீழே மான்குர்டு வண்டி ஸ்டேஷனுக்குள் வந்துகொண்டிருந்தது. பின்னால் சாவிகள் தட்டும் சத்தம் கேட்டது. அவர் வழக்கமாக ஆணி அடிப்பதுபோல் தட்டுவார், இன்று குழந்தை தூங்கும் வீட்டில் தட்டுவதுபோல் இருந்தது. பிறகு மிஷின் அணைந்தது.

“என்னாச்சு பாய்?”

“ஒண்ணுமில்ல. அதுக்கு மூச்சு வாங்குது. அரை மணி நேரம் ஆகும்.”

நாலே காலுக்கு அறிக்கை ஓடி முடிந்தது. ஆறரைக்கு முன் டெலிபோன் கம்பியைத் திறப்பதில்லை என்ற இன்னொரு சட்டத்தையும் அவர் அப்படியே தாண்டிப் போனார். அறிக்கை கம்பியில் கீச்சிட்டபடி போனது, நாலு நாற்பதுக்கு மேடம் போனில், “கிடைச்சுது. வடிவு கன்ஃபர்ம்” என்றாள். அவர் போனை மெதுவாக வைத்தார்.

திரும்பி வந்தவர்கள் பாக்கி ஆர்டர்களை முடிக்கத் திரைகளில் உட்கார்ந்தார்கள். எட்டாவதாக உட்கார்ந்த பிரம்மநாயகம், உள்ளே போனதும் திடுக்கிட்டு எழுந்து நின்றார்.

“பாய்! எட்டாவது ஆளு நான். என்னையும் உள்ள விட்டுடுச்சு! கர்னலுக்கு என்ன ஆச்சு?”

ஜெயினுலாப்தீன் அவர்கள் வாங்கி வந்த, ஆறிப்போன வடா பாவைக் கடித்தார், மென்றார், நிமிரவே இல்லை.

“வேலயப் பாரும்,” என்றார், பக்கத்தில் இருந்த சண்முகவடிவுக்கு மட்டும் கேட்கிற குரலில்.